கடலோர உணவகத்துக்குப் பழைய பில்லிங் மெஷின்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

இராமேசுவரம் தீவிலும், மண்டபம் தொடங்கித் தேவிபட்டினம், தொண்டி வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமும் உணவகம் நடத்துபவர்கள் பலர், மதுரையில் மூடப்பட்ட கடைகளிலிருந்தும் சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் பழைய பில்லிங் மெஷின்களை வாங்கி வருகிறார்கள். விலை குறைவு என்பதால் அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் ‘செட்’ என்று ஒரே விலைக்குப் பேசப்படுவது உண்மையில் ஐந்து தனிப்பொருட்கள்: கல்லாவில் நிற்கும் தொடுதிரைக் கணினி, சூட்டால் எழுத்தைப் பதித்துப் பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், சமையற்கட்டில் ஆர்டர் சீட்டு அடிக்கும் கேஓடி பிரிண்டர், பணப்பெட்டி, இவற்றை இயக்கும் மென்பொருள். பழுது ஒன்றில் இருக்க, பழி இன்னொன்றின் மேல் விழுவதே வழக்கம். ஆகையால் இங்கே பொருள் வாரியாகச் சொல்லாமல் அறிகுறி வாரியாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலானவற்றை வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடலாம்.

பார்க்கப் போகும்போது வோல்டு அளக்கும் ஒரு மல்டிமீட்டர், பிரிக்கப்படாத புதிய பேப்பர் ரோல், மெஷின்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு லேன் கேபிள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறு புட்டி, பஞ்சு ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். விற்பவர் தரும் பேப்பரில் அடித்துப் பார்ப்பதும், அவர் ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருக்கும் மெஷினைப் பார்ப்பதும் சோதனையாகா. முழுவதும் அணைத்து, ஆறவிட்டு, நாமே ஆன் செய்ய வேண்டும்.

மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது. திரை தானாகவே பொத்தான்களை அழுத்துகிறது

இந்த இரண்டும் வேறு வேறு பழுதுகளைப் போலத் தோன்றினாலும், கடற்கரையில் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருபவை. கணினிக்கும் பிரிண்டருக்கும் மின்சாரம் தரும் அடாப்டர்களுக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. மூன்றாவது பின் வழியாக எர்த் சரியாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அவற்றிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு மெஷினின் உலோக உடலில் தேங்கும். மல்டிமீட்டரை உடலுக்கும் உண்மையான எர்த்துக்கும் இடையில் வைத்தால் 100 வோல்டுக்குப் பக்கத்தில்கூடக் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அது ஆளைச் சுரீர் என்று கடிப்பதோடு நின்றுவிடும். விரலின் மின்தன்மையை உணரும் கப்பாசிட்டிவ் தொடுதிரையோ அதை விரலின் தொடுதலாக எடுத்துக்கொண்டு, கேட்காத தோசைகளை வரிசையாகப் பில்லில் ஏற்றும்.

ஆகவே திரையை மாற்றச் சொல்வதற்கு முன் பிளக்கைப் பார்க்க வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்டு அளவிலும், லைனுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்டுக்குள்ளும் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. லைன்–எர்த் அளவு பாதியாகவோ நிலையில்லாமலோ இருந்தால், பிழை மெஷினில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. தீவின் மணல் நிலம் கோடையில் காய்ந்துபோனால் மின்சாரத்தைச் சரிவர உள்வாங்காது. அதோடு எர்த் குழாயின் தலையில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பு உப்பில் அரித்துப் போயிருப்பதும் இங்கே சாதாரணம். குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததும் அளவு சீராகிறது என்றால் நிலம் காய்ந்ததுதான் காரணம். ஊற்றியும் அசையவில்லை என்றால் வயர்மேனை அழைத்துக் கிளாம்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டி எறிந்துவிட்டு விற்கப்படும் அடாப்டர்களும் உண்டு. அப்படி ஒன்றைக் கண்டால், அந்தக் கடையில் என்ன நிலையில் ஓடிய மெஷின் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

எர்த் சரியாக இருந்தும் திரை தானே ஆடினால், அடாப்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் ஆடினால் தொடுதிரைப் பழுது. தொட்ட இடம் ஒன்று, அழுந்தும் இடம் வேறு என்றால் அது வேறு கதை. அழுத்தத்தால் இயங்கும் ரெசிஸ்டிவ் திரைகளில் இது காலிபரேஷன் பிசகு, அதாவது தொடும் இடத்தின் அளவீடு நகர்ந்துவிட்டது, அமைப்புகளுக்குள் போய் மூலைகளைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். வேண்டாம் என்று விட்டுவரத் தேவையில்லை.

காலையில் எழ மறுக்கிறது, பதினோரு மணிக்கு எழுகிறது

அமாவாசை அன்று அக்னி தீர்த்தத்தில் நீராடியவர்கள் விடியுமுன்பே இட்லிக்கு வந்து நிற்கும் ஊரில் இதைவிடத் தொல்லையான அறிகுறி கிடையாது. வெயில் ஏறியதும் தானே சரியாகிவிடுவதால் பழுது பார்க்க வருபவர் கண்ணில் இது படுவதும் இல்லை.

காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத்துகள் மின்விசிறி வழியாக உள்ளே போய்ப் பலகைகளின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலிருக்கும் நீரை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப்படலமாகிவிடும். பகலில் வெயிலும் மெஷினின் சொந்தச் சூடும் அதை உலர வைக்கின்றன. இரவில் அணைத்து வைத்த மெஷினில் அது மறுபடியும் ஊறுகிறது. வாடைக்காற்று வீசும் மழை மாதங்களில் இது அதிகம்.

கண்டறிவது எளிது. பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். யூஎஸ்பி, லேன் துளைகளின் பித்தளை நிற நாக்குகளில் பச்சைப் பூச்சு, அலுமினியச் சூட்டுத் தகட்டில் மாவு தூவியது போன்ற வெள்ளைப் பொடி, திருகுகளின் தலையில் செந்துரு: இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அந்த மெஷின் ஏற்கெனவே ஏதோ ஒரு கடற்கரையில் இருந்து வந்தது. விற்பவர் கோயம்புத்தூரில் ஓடிய மெஷின் என்று சொன்னாலும் பச்சை பொய் சொல்லாது. துளைகளில் மட்டும் பச்சை இருந்தால், மின்சாரத்தை அகற்றி, ஆல்கஹால் தோய்த்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து முழுக்க உலரவிட்டு ஓட்டலாம். பலகையின் செம்புக் கோடுகளே பச்சையாகி இருந்தால் வாங்கக் கூடாது. இன்று தேய்த்தால் அடுத்த மாதம் வேறிடத்தில் அறுந்துபோகும்.

எல்லா நேரத்திலும் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் எழுகிறது என்றால் உப்பைவிட அடாப்டரையும் கெப்பாசிட்டர்களையும் சந்தேகிக்க வேண்டும். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. மாற்றுவது பெரிய செலவல்ல, ஆனால் பலகையில் கைவைக்கத் தெரிந்த ஆள் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைத்தாக வேண்டும்.

மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் மட்டும் கணினி அணைந்து எழுகிறது என்றால் மெஷினில் குறையே இல்லை. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை மாற்றினால் போதும்.

பில் மங்கலாக விழுகிறது, அல்லது நெடுக்காக வெள்ளைக்கோடு வருகிறது

பிரிண்டரைச் சோதிக்கக் கணினி தேவையில்லை. பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களில், பேப்பரை நகர்த்தும் ஃபீட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆன் செய்தால் செல்ஃப் டெஸ்ட் சீட்டு ஒன்று வெளிவரும். மாடல், மென்பொருள் பதிப்பு, லேன் இருந்தால் வலையமைப்பில் அதன் எண் முகவரியான ஐபி முகவரி எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

மூன்று அங்குலம் என்று கடைகளில் சொல்லப்படும் 80 மில்லிமீட்டர் பிரிண்டரின் ஹெட்டில், அதாவது பேப்பரில் எழுத்தைப் பதிக்கும் பாகத்தில், வழக்கமான மாடல்களில் 72 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 576 சூட்டுப் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்கு எட்டு. அவற்றில் ஒன்று செத்தால், பில்லின் தலை முதல் கால்வரை மயிரிழை போன்ற வெள்ளைக்கோடு ஓடும். ஆனால் ஹெட்டில் ஒட்டிய அழுக்கும் அதே கோட்டைத்தான் உண்டாக்கும். எனவே அணைத்து, ஆறவிட்டு, ஆல்கஹால் பஞ்சால் ஹெட்டின் விளிம்பை ஒரே திசையில் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் சீட்டு எடுக்க வேண்டும். கோடு மறைந்தால் அழுக்கு. அதே இடத்தில் நின்றால் புள்ளி எரிந்துவிட்டது. ஹெட்டை மாற்றினால்தான் தீரும், அந்தச் செலவுக்கு வேறு பழைய பிரிண்டரே வாங்கிவிடலாம். கோடு ஓரத்தில் ஓடி, தொகையின் எண்களைத் தொடவில்லை என்றால் விலையைக் குறைத்துக்கொண்டு வாங்குவதில் தடையில்லை. தொகை வரும் வலப்பக்கத்தில் ஓடி 8-ஐ 3 போலக் காட்டினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் ரப்பர் உருளை தேய்ந்தோ மூடி சரியாகக் கவ்வாமலோ இருக்கிறது. முழுவதும் மங்கல் என்றால் முதலில் பேப்பரை மாற்ற வேண்டும். அதன்பிறகும் மங்கினால் அடாப்டரைப் பார்க்க வேண்டும்: இந்தப் பிரிண்டர்களில் பல 24 வோல்டில் ஓடுபவை, வேறு மெஷினின் அடாப்டரைச் செருகி விற்பது நடக்கிறது. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்டும் ஆம்பியரும் பிரிண்டரின் அடியில் உள்ள சீட்டோடு பொருந்த வேண்டும். ஒன்றுமே விழாமல் வெறும் தாள் வந்தால் ரோல் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. நகத்தால் கீறினால் கறுக்கும் பக்கமே ஹெட்டை நோக்கி இருக்க வேண்டும்.

சமையற்கட்டுக்கு மட்டும் தெர்மல் பிரிண்டர் ஏற்றதன்று என்பது என் கருத்து. பரோட்டாக் கல்லின் பக்கத்தில் செருகி வைத்த கேஓடி சீட்டு சூட்டில் முழுக்கக் கறுத்துப்போய், எந்த மேசைக்கு எத்தனை என்று மாஸ்டர் கத்திக் கேட்கும் நிலை வரும். ரிப்பனில் அடிக்கும் 76 மில்லிமீட்டர் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழையதாகக் கிடைத்தால் அதையே எடுக்கலாம். சத்தம் போடும், அந்தச் சத்தமே புதிய ஆர்டர் வந்ததை மாஸ்டருக்குச் சொல்லிவிடும்.

ஆங்கிலம் சரியாக விழுகிறது, தமிழ் கேள்விக்குறியாக விழுகிறது

இது பழுதன்று. இத்தகைய பிரிண்டர்களின் உள் எழுத்துருத் தொகுதியில் பொதுவாகத் தமிழ் இருப்பதில்லை. தமிழ் விழ வேண்டுமானால் கணினி அந்த வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். மென்பொருளில் படமாக அச்சிடும் வசதி இருந்து, பிரிண்டரை இயக்கும் இணைப்பு மென்பொருளான விண்டோஸ் டிரைவரும் நிறுவப்பட்டிருந்தால் தமிழ் விழும். வாங்கும் முன் ‘கணவாய் வறுவல்’, ‘நண்டுக் குழம்பு’ என்று இரண்டு பெயர்களைச் சேர்த்து அடித்துப் பார்த்துவிட வேண்டும். பழைய மென்பொருள்களில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் பெயர்கள் ஏற்றப்பட்டிருக்கும். அவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆங்கிலமும் சேர்ந்து குப்பை எழுத்தாக விழுந்தால் டிரைவர் தவறு, அல்லது சீரியல் கேபிளில் ஓடும் பிரிண்டராக இருந்தால் தரவு போகும் வேக எண் இருபுறமும் பொருந்தவில்லை.

கல்லாவில் பில் வருகிறது, சமையற்கட்டில் கேஓடி வரவில்லை

செல்ஃப் டெஸ்ட் சீட்டு இங்கேதான் உதவும். பழைய கடையில் பிரிண்டருக்கு 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்திருப்பார்கள். உங்கள் ரூட்டர் 192.168.1 வரிசையில் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பிரிண்டருக்குரிய அமைப்புக் கருவியைக் கொண்டு முகவரியை மாற்றினால் உடனே ஓடும்.

காலையில் ஓடி, கூட்டம் சேர்ந்ததும் நிற்கிறது என்றால் வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் வைஃபையைச் சந்தேகிக்க வேண்டும். கைபேசிகளுக்கு முகவரி வழங்கும் ரூட்டர், பிரிண்டரின் முகவரியையே யாரோ ஒரு பயணியின் போனுக்கும் கொடுத்துவிடுகிறது. அவர் சாப்பிட்டு எழுந்து போகும்வரை கேஓடி அலைக்கழியும். ரூட்டர் வழங்கும் வரம்புக்கு வெளியே இருக்கும் எண் ஒன்றைப் பிரிண்டருக்குக் கொடுப்பதும், வாடிக்கையாளர் வைஃபையைத் தனியாகப் பிரிப்பதும் இதைத் தீர்க்கும்.

பணப்பெட்டி திறக்கவில்லை

பெட்டியைத் திறக்கும் மின்துடிப்பைத் தருவது கணினியன்று, பில் பிரிண்டர். பெட்டியின் கம்பி பிரிண்டரின் பின்னால் இருக்கும் தொலைபேசித் துளை போன்றதில் செருகியிருக்க வேண்டும். செருகியும் திறக்காவிட்டால் சாவித்துளை பூட்டு நிலையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பெட்டியின் வோல்டும் பிரிண்டரின் வோல்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். உருளைகள் துருப்பிடித்து இறுகியிருப்பதும் உண்டு.

மெஷின் மிகவும் மெதுவாக ஓடுகிறது

சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அதன் உடல்நிலையைக் காட்டும் இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்து, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். செலரான் ஜே1900 போன்ற பழைய சில்லுகளில் விண்டோஸ் 11-க்கு ஆதரவில்லை; விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அத்தகைய மெஷினைப் பில் போடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதில் மின்னஞ்சலோ வங்கிக் கணக்கோ திறக்காமல் இருப்பதே முறை.

தேதி ஒவ்வொரு நாளும் பின்னோக்கிப் போகிறது

பலகையில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 மின்கலம் தீர்ந்துவிட்டது. மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பில்லில் பழைய தேதி விழுவது கணக்கைக் கெடுப்பதோடு, தேதி தவறிய கணினியில் இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தெரிவதால், ஆன்லைன் ஆர்டர்களும் நின்றுபோகும்.

மென்பொருள் உரிமம் கேட்கிறது. அல்லது விலையை மாற்ற விடுவதில்லை

விற்பவர் ‘சாஃப்ட்வேரோடு தருகிறேன்’ என்று சொல்வதை நான் ஒருபோதும் விலையில் சேர்ப்பதில்லை. பில்லிங் மென்பொருள் பல முந்தைய உரிமையாளரின் பெயரில், அந்த ஹார்டு டிஸ்க்கின் எண்ணோடோ, யூஎஸ்பியில் செருகும் உரிமச் சாவியான டாங்கிளோடோ கட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றினால் போய்விடும்; ஆண்டுச் சந்தா முடிந்தாலும் போய்விடும். உரிமத்தைப் பெயர் மாற்றித் தர மென்பொருள் நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே அதற்கு மதிப்பு உண்டு. ஆண்ட்ராய்டு கைமெஷினாக இருந்தால் விற்பவர் முன்னிலையிலேயே ரீசெட் செய்து பார்க்க வேண்டும். பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், அவரே அதைக் கொடுத்து விடுவிக்கும்வரை பணம் கைமாறக் கூடாது.

இன்னொரு பொருத்தமின்மை மீன் கடைகளுக்கே உரியது. நகரத்து உணவகங்களுக்கு அமைக்கப்பட்ட மென்பொருளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நிலையான விலை இருக்கும். சீலாவும் நண்டும் கரைவிலையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் கடையில், ஒவ்வொரு முறையும் அட்மின் கடவுச்சொல் கேட்டால் கல்லாவில் இருப்பவர் கடைசியில் ‘இதர’ என்ற தலைப்பில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார். மாத முடிவில் எது விற்றது என்றே தெரியாது. பில் போடும்போது விலையை உள்ளிடும் வசதி, எடைக்கு விற்கும் வசதி ஆகிய இரண்டும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கிடைக்காத பண்டங்களை மறைத்து வைக்க வேண்டுமே தவிர நீக்கக் கூடாது. நீக்கினால் சில மென்பொருள்களில் பழைய விற்பனைக் கணக்கும் சிதையும்.

வரி தவறாக விழுகிறது. பணம் வேறு கணக்குக்குப் போகிறது

2017 நவம்பர் 15-க்கு முன் குளிர்சாதன வசதி இல்லாத உணவகத்துக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காடாகவும், உள்ள உணவகத்துக்கு 18 விழுக்காடாகவும் இருந்தது. அன்றிலிருந்து தனியாக இயங்கும் உணவகங்களுக்கு, உள்ளீட்டு வரிக்கழிவு (வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லாமல், 5 விழுக்காடு. மத்திய, மாநில வரிகளாக இரண்டரை இரண்டரையாகப் பிரியும். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த மெஷின்களில் பழைய விகிதங்கள் அப்படியே இருக்கலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரியே வசூலிக்கக் கூடாது என்பதால் அவருடைய பில்லில் வரி என்று எதுவும் வரக் கூடாது. மது பரிமாற உரிமம் பெற்ற விடுதியானால், மது ஜிஎஸ்டிக்குள் வராததால், அதற்குத் தனி வரித் தொகுதி அமைக்கும் வசதி மென்பொருளில் இருந்தாக வேண்டும். பெரிய விடுதி வளாகத்தில் இருக்கும் உணவகங்களுக்கு விகிதமே வேறாக இருக்கலாம், கணக்கரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும், 5 விழுக்காட்டில் இருப்பவர் மெஷினுக்குக் கொடுக்கும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. வரியையும் சேர்த்ததே மெஷினின் உண்மையான விலை.

பில்லின் தலைப்பில் முந்தையவரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். பில் எண் வரிசையை அழித்து உங்கள் வரிசையைத் தொடங்க வேண்டும். அது அந்த நிதியாண்டுக்குள் இடைவிடாமல், 16 எழுத்துக்குறிகளுக்கு மிகாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பலர் மறந்துவிடுவது பில்லின் அடியில் அச்சாகும் கியூஆர். அது முந்தையவரின் யூபிஐ முகவரியைத் தாங்கியிருந்தால், வாடிக்கையாளர் கட்டும் பணம் முழுவதும் அவருக்கே போகும்; வாடிக்கையாளரின் போனில் ‘வெற்றி’ என்றுதான் காட்டும். முதல் நாள், கடை திறக்குமுன், ஒரு ரூபாய் பில் அடித்து, நாமே ஸ்கேன் செய்து, திரையில் தெரியும் பெயரைப் படித்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

செட்டோடு கார்டு மெஷினும் சேர்ந்து வருகிறது

கார்டு தேய்க்கும் மெஷினும் பணம் வந்ததை அறிவிக்கும் ஒலிப்பெட்டியும் பெரும்பாலும் வங்கிக்கோ பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கோ சொந்தமானவை. விற்பவருக்கு அவற்றை விற்கும் உரிமை இருப்பதில்லை. அந்தக் கார்டு மெஷினில் முந்தைய கடையின் வணிகர் எண் பதிந்திருக்கும் என்பதால் அதில் தேய்க்கும் பணமும் அந்தக் கணக்குக்கே போகும். அவற்றை மொத்த விலையிலிருந்து கழித்துத் தனியே வைத்துவிட்டு, கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைக்கும்படி விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்; நம் கடைக்கு நம் வங்கியிடம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.